ஐஸ் கம்பெனியும் என் மேல விழுந்த தடையும்

என் பேர்ல பட்டா கிடையாது. பேங்க் புக்கு கிடையாது. படிச்சதுக்கு ஆதாரம் கேட்டா, ஏழாங்கிளாஸ் வாத்தியாரு என்னை வெளிய நிக்க வெச்ச வேப்பமரத்தத்தான் காட்டணும். ஆனா ஒலகத்துல இருக்கற எல்லாத்தையும் பத்தி எழுதி வெக்கிற கலைக்களஞ்சியம் ஒண்ணு நெட்டுல இருக்குதே, அதுல என் பேர்ல ஒரு தடை இருக்கு. நிரந்தரத் தடை. எங்க பரம்பரையிலயே நிரந்தரமா ஒண்ணு வாங்கினவன் நான் ஒருத்தன்தான்.

மன்னிப்பு கேட்டு நாலு வரி எழுதுனா எடுத்துருவாங்களாம். நான் எழுதல. ஏன் எழுதலன்னு கேக்கறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால சொல்லி மாளல. அதான் ஒரேடியா எழுதி வெச்சிடறேன்.

அப்ப நான் தேங்காய்த்திட்டு துறைமுகத்தாண்ட ஒரு ஐஸ் கம்பெனியில வேலை செஞ்சேன். உப்புத்தண்ணி தொட்டியில ஆளு உயரத்துக்கு தகர டப்பாங்க முங்கிக் கெடக்கும், உள்ள தண்ணி ஒறஞ்சு நீட்டுக் கட்டியா, ஐஸ் பாரா இருக்கும். அந்தப் பாரை கொக்கி போட்டு இழுத்து, ஒடைக்கிற மெஷின்ல தள்றது என் வேலை. அந்தப் பக்கம் தூளா கொட்டும், போட்டுக்காரங்க வாரிட்டுப் போவாங்க. இதுக்கு படிப்பு வேணாம். சாயங்காலம் வூட்டுக்கு வந்து, சோத்துல கைய வெச்சு, சூடா இருக்கா ஆறிப்போச்சான்னு வெரலுக்குத் தெரியலன்னா கவலப்படாத மனசு இருந்தா போதும்.

என் கூட்டாளி ஒருத்தன் அங்கயே கம்ப்ரசர் ரூம்ல இருந்தான். பத்தாவது பெயிலு. எனக்கு அவன் கலெக்டர் மாதிரி. சம்பளக் கவருல என்னா எழுதியிருக்குன்னு அவன்தான் படிச்சு சொல்லுவான். எனக்கும் படிக்கத் தெரியும், ஆனா சொவத்துல ஒட்டுன பெரிய எழுத்துதான் கடகடன்னு வரும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரு, சினிமா போஸ்டரு, பொறந்தநாள் பேனரு, இதுலதான் நான் தமிழ் கத்துக்கிட்டேன். புதுச்சேரியில அதுக்கு பஞ்சமே இல்ல. அதனால என் தமிழ்ல ஒண்ணு யாராவது சாவணும், இல்லன்னா யாரையாவது வாழ்த்தணும்.

ஒரு நாள் காலையில, துறைமுகத்துல மீன் ஏலம் நல்லா சூடா நடக்கற நேரம், கம்ப்ரசர் ரூம்ல தண்ணிய ஒறைய வெக்கிற கேஸு வால்வு ஒண்ணு புட்டுக்கிச்சு. அமோனியா. அது என்னான்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன்: ஊர்ல இருக்கற எல்லா பொதுக் கக்கூஸையும் ஒண்ணா காய்ச்சி மூக்குல ஊத்துனா எப்டி இருக்கும், அப்டி. கண்ணு தொறக்க முடியாது, மூச்சு உள்ள போவாது. தொட்டிக்காரன், மெஷின்காரன், மேஸ்திரி, நானு, எல்லாரும் கடல் பக்கமா ஓடுனோம். ஓட்டப்பந்தயத்துல நான் வாழ்நாள்ல ஜெயிச்சது அன்னிக்குத்தான். என் கூட்டாளி மட்டும் ஈரச் சாக்க மூஞ்சில சுத்திக்கிட்டு உள்ள போய் வால்வ மூடிட்டு வந்தான். மூடலன்னா அவ்வளவும் ஏலம் நடக்கற எடத்துக்கு வந்திருக்கும். வெளிய வந்தவன் தரையில ஒக்காந்து, "டேய், யாராவது லைட்ட போடுங்கடா"ன்னான். வெயிலு சுள்ளுனு அடிச்சுட்டு இருந்துச்சு.

இடது கண்ணு தேறிடுச்சு. வலது கண்ணு போயிடுச்சு.

கம்பெனி என்னா சொல்லுச்சு தெரியுமா? அப்டி ஒண்ணு நடக்கவே இல்லன்னுச்சு. கோயில் திருவிழாவுல பட்டாசு வெடிச்சு கண்ணு போச்சு, அதை இங்க கொண்டாந்து தலையில கட்டப் பாக்கறான்னுச்சு. சொன்னது மொதலாளி இல்ல, அவரு மருமகன். சென்னையில படிச்சுட்டு வந்து கம்பெனிய கைல எடுத்துக்கிட்டவரு. ஷூ போட்டுக்கிட்டு ஐஸ் மேல நடக்கற ஒரே ஆளு. அடுத்த நாள் பேப்பர்ல எங்க கம்பெனி வந்துச்சு, ஆமா, கால் பக்கத்துக்கு. விளம்பரம். நான் கூட்டாளிக்காக நாயம் கேட்டேன். கேட்ட அன்னிக்கே என் கொக்கிய வாங்கி சொவத்துல மாட்டிட்டாங்க. கொஞ்ச நாள் சும்மா சுத்திட்டு, எதிர்ல இருக்கற இன்னொரு ஐஸ் கம்பெனியில சேந்துட்டேன். அதே ஐஸ் பாரு, அதே குளிரு, கொக்கி மட்டும் வேற.

கூட்டாளி நஷ்ட ஈடு கேட்டு லேபர் ஆபீஸ்ல கேசு போட்டான். ஒத்தக் கண்ணுக்காரன யாரு கம்ப்ரசர் ரூம்ல சேத்துக்குவான்? பொண்டாட்டி புள்ளைங்களோட மாமியார் வூட்டுக்கு வந்துட்டான். அந்தக் காசு வந்தாத்தான் அவனுக்கு தலையத் தூக்கிட்டு அந்த வூட்டுல சாப்புட முடியும்.

ஒரு நாள் விசாரணைக்குப் போயிட்டு வந்தான். நெல்லித்தோப்புல நாங்க ஒக்கார்ற டீக்கடையில வந்து பொத்துனு ஒக்காந்தான்.

"இன்னாடா, மூஞ்சிய தொங்கப் போட்டுட்டு வர்ற?"

"மச்சான், ஒலகமே சொல்லுதாம்டா."

"இன்னா சொல்லுது ஒலகம்?"

"நான் பொய் சொல்றேன்னு."

ஒரு தாள நீட்டுனான். கம்பெனி வக்கீலு ஆபீஸர்கிட்ட குடுத்ததோட காப்பி. நெட்டுல இருக்கற கலைக்களஞ்சியத்துல எங்க ஐஸ் கம்பெனியப் பத்தி ஒரு முழுப் பக்கம். மொதலாளியோட தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்துலயே ஐஸ் கண்டவரு, மொதலாளி கொடை வள்ளலு, மருமகன் நவீனச் சிற்பி. எனக்கு கடகடன்னு படிக்க வந்துச்சு, பேனரு தமிழ்தானே. நடுவுல ஒரு வரி: "தொடங்கப்பட்ட நாள் முதல் இன்று வரை ஒரு விபத்து கூட நிகழாத பாதுகாப்பான நிறுவனம்."

"வக்கீலு சொல்றான், 'சார், இது நாங்க எழுதினது இல்ல, பொதுக் கலைக்களஞ்சியம், ஒலகம் பூரா படிக்கறது'ன்னு. ஆபீஸரு வாங்கி பைல்ல வெச்சுட்டாரு. அடுத்த தடவை வர்றப்ப இதுக்கு பதில் கொண்டான்னாரு. இல்லன்னா ஊத்திக்கும்டா."

"எழுதினவன் வூடு எங்க இருக்குன்னு பாத்துட்டு வர்றேன், இரு"ன்னு எழுந்துட்டேன். டீக்கு அவன்தான் காசு குடுத்தான்.

நெல்லித்தோப்புலயே ஒரு அக்கா நெட் சென்டர் வெச்சிருந்துச்சு. அவங்கப்பா பிரெஞ்சு மிலிட்டரியில இருந்த சொல்தா, அதான் சிப்பாய். அந்தப் பென்சன்ல வாங்குன கம்ப்யூட்டருங்க. பிளைவுட் தட்டி போட்டு பிரிச்சிருக்கும், ஒவ்வொரு தட்டிக்குள்ளயும் ஒரு பையன் ஒரு பொண்ணுகிட்ட எழுத்துலயே வழிஞ்சிட்டு இருப்பான்.

"அக்கா, இதை எழுதினவன் அட்ரஸு வேணும்."

அக்கா தாளப் பாத்துட்டு சிரிச்சுச்சு. "இதுல யாரு வேணா எழுதலாம்டா."

"யாரு வேணான்னா? நானுமா?"

"நீயும்தான். பாரு, மேல 'தொகு'ன்னு போட்டிருக்கு, அதைத் தட்டினா திருத்தலாம்."

'நீயும்தான்'னு என்னை அதுவரைக்கும் ஒருத்தரும் எதுக்கும் சொன்னதில்ல. நெஞ்சு விரிஞ்சு சட்டை பட்டன் தெறிக்கற மாதிரி ஆயிடுச்சு. ஒக்காந்தேன். அக்கா என் பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்துச்சு. ஒத்த வெரலு. ஐஸ்ல மரத்த வெரலு வேற, ஒரு எழுத்த அமுக்கினா அது நாலு தடவை விழும். வேர்த்து ஊத்தி எழுதி முடிச்சேன்: "இது பொய். இந்த கம்பெனி கண்ண புடுங்கற கம்பெனி. மருமகன் ஒரு களவாணி. வாழ்க." கடைசி வார்த்தை பழக்கதோஷம்.

டீ சொல்லி வர்றதுக்குள்ள காணோம். பழையபடி கொடை வள்ளலு நிக்கறாரு. மறுபடி எழுதுனேன், மறுபடி காணோம். கரண்டு போச்சு, வந்துச்சு, மறுபடி எழுதுனேன். எழுத எனக்கு அரை மணி, அழிக்க எவனுக்கோ ஒரு தட்டு. அப்பறம் எனக்குன்னு இருக்கற பேச்சுப் பக்கத்துல, கலைக்களஞ்சியத்த காவல் காக்கற ஆளு ஒருத்தருகிட்டேருந்து ஒரு சேதி வந்து நின்னுச்சு. அக்காதான் படிச்சுச்சு:

"வணக்கம். தங்கள் ஆர்வத்திற்கு நன்றி. தாங்கள் சேர்த்த தகவலுக்குச் சான்று இல்லாததால் நீக்கப்பட்டுள்ளது. மேலும், தாங்கள் இந்நிறுவனத்துடன் தொடர்புடையவரா? அவ்வாறெனில் அது நலமுரண் ஆகும்."

என்னை 'தாங்கள்'னு கூப்ட்ட மொத ஆளு. கூப்ட்டுட்டே கழுத்தறுத்தாரு.

"நலமுரண்னா இன்னாக்கா?"

"ஒரு விஷயத்துல உனக்கு லாபமோ நட்டமோ இருந்தா, அதைப் பத்தி நீ எழுதக்கூடாது. நீ கோவத்துல எழுதுவ, மொதலாளி பெருமைக்கு எழுதுவாரு. சம்மந்தம் இல்லாதவங்கதான் எழுதணும். அதுவும் பேப்பர்லயோ புக்குலயோ அச்சுல வந்ததை வெச்சு."

நான் ஒக்காந்து யோசிச்சேன். அந்தக் கம்பெனியில வேலை செஞ்சவன். தொரத்தப்பட்டவன். கண்ணு போனவன் என் கூட்டாளி. இப்ப சோறு போடறது எதிரி கம்பெனி. இவ்ளோ முரணும் ஒரே ஆளுகிட்ட வந்து சேந்தது கலைக்களஞ்சியத்துக்கே புதுசா இருந்திருக்கும். எனக்கே ஒரு பக்கம் போடலாம்.

"ஏன்கா, சம்மந்தம் இல்லாதவன் எதுக்கு அமோனியா பக்கம் வரப்போறான்?"

தட்டிக்குள்ள ஒருத்தன் டைம் முடிஞ்சிடுச்சான்னு கேட்டான், அக்கா எழுந்து போயிடுச்சு.

துறைமுகத்துல ஒரு வழக்கம் இருக்கு. ஏலத்துல ரெண்டு பேரு ஒரே குவியலுக்கு, 'நான்தான் மொதல்ல கேட்டேன்'னு சட்டைய புடிச்சுக்குவாங்க. ஏலக்காரரு ரெண்டு பேரு மூஞ்சியையும் பாக்க மாட்டாரு. சுத்தி இருக்கற கூட்டத்தப் பாத்து, "நின்னவங்க சொல்லுங்க"ன்னுவாரு. நின்னவங்க சொன்னா முடிஞ்சுது. நின்னவன் மாமனா இருக்கலாம், மச்சானா இருக்கலாம், பகையாளியா கூட இருக்கலாம். அதை யாரும் கேக்கறதில்ல. ஏன்னா அந்த எடத்துல ஒரு தடவை பொய் சொன்னவன் மறுநாள்லேருந்து அங்க நின்னாலும் நிக்காத மாதிரிதான். அவன் வாய்க்கு மரியாதை போயிடும். அந்தப் பயத்துல பெரிய புளுகனும் அங்க உண்மை பேசுவான். என்னை வெச்சே சொல்றேன்.

சான்றுதானே வேணும்? நின்னவங்கள கூட்டிட்டு வர்றேன்னு கெளம்புனேன்.

ஏலம் முடிஞ்ச கையோட நேரா கூட்டிட்டு வந்தேன். ஏலக்காரரு, ஒரு போட் டிரைவரு, தள்ளுவண்டிக்காரன், அப்பறம் ஏல எடத்துல கூடை வெச்சு விக்கிற எங்க மீன்காரம்மா. அந்தம்மா கூடையோடயே வந்துச்சு, வெளிய வெச்சா நாய் தூக்கிடும்னு. தட்டிக்குள்ள இருந்த காலேஜ் பசங்க ஒவ்வொருத்தனா மூக்க புடிச்சுட்டு எழுந்து போனானுங்க.

"டேய், ஏசி ரூம்டா இது. மார்க்கெட்டா?"ன்னு அக்கா கத்துச்சு.

மீன்காரம்மா இடுப்புல இருந்து சுருக்குப்பைய எடுத்துச்சு. "யம்மா, காசு குடுத்துட்டுதான் ஒக்கார்றோம். எங்க காசு நாறுதுன்னா சொல்லு, தொடைச்சுக் குடுக்கறேன்."

அக்கா ஏசிய நிறுத்திட்டு கதவ தொறந்து உட்டுச்சு.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு ஆரம்பிச்சேன். மறந்துருவாங்கன்னு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அவங்க சொல்லச் சொல்ல என் ஒத்த வெரலு அடிச்சுச்சு. ஏலக்காரரு ஏலம் உடற மாதிரியே மூணு தடவை சொன்னாரு. போட் டிரைவரு வெக்கப்பட்டு, "அவன் சொன்னதேதான்"னு முடிச்சுக்கிட்டாரு. மீன்காரம்மா நாற்காலிய இழுத்துப் போட்டுச்சு.

"எழுதுடா. அன்னிக்கு நான் சங்கரா மீனு வெச்சுட்டு ஒக்காந்திருந்தேன். ஐஸ் கம்பெனி பக்கத்துலேருந்து வெள்ளையா பொகை வந்துச்சு. கண்ணு எரிஞ்சுது. இந்தப் பேமானிதான் மொதல்ல ஓடியாந்தான். எழுதிட்டியா?"

"என்னையும் போடணுமா?"

"போடு. அப்பறம் அந்தப் புள்ள சாக்க சுத்திட்டு உள்ள போச்சு. நான் கண்ணால பாத்தேன். என் சங்கரா அத்தனையும் போச்சு. அதுக்கு எவனும் பதில் சொல்லல. அதையும் போடு."

"யம்மா, சங்கரா வேற கேசு."

"எல்லாம் ஒரே கேசுதான். போடுடா."

போட்டேன். கூட்டாளி வாசல்ல நின்னுட்டு சிரிச்சான். ரொம்ப நாளைக்கு அப்பறம் அவன் பல்ல பாத்தேன்.

மறுநாள் போய்த் தொறந்தா, எல்லாம் அழிஞ்சு போயி, செவப்பு கட்டம் போட்டு ஒரு அறிவிப்பு. "ஒரே கணினியிலிருந்து ஒருவரே பல கணக்குகளை இயக்குவதாகத் தெரிகிறது. இக்கைப்பாவைக் கணக்குகளும் அவற்றை இயக்கியவரும் நிரந்தரமாகத் தடை செய்யப்படுகின்றனர்."

துறைமுகத்துல போய் சேதி சொன்னேன்.

"கைப்பாவைன்னா?"ன்னுச்சு மீன்காரம்மா.

"கையில மாட்டி ஆட்டற பொம்மைமா."

வெட்டிக்கிட்டிருந்த கத்திய கீழ வெச்சுச்சு. "நான் பொம்மையா? என்னை ஆட்டறவன் இன்னும் பொறக்கலடா. எங்க வூட்டு ஆளே ஆட்டிப் பாத்துட்டு உட்டுட்டாரு. எங்க இருக்கான் அவன்? கேளு. கூடையோட போய் நிக்கறேன், பொம்மையான்னு தொட்டுப் பாக்கட்டும்."

எங்க இருக்கான்னு எங்களுக்கு எப்டி தெரியும்? இந்த ஊரோ, எந்த நாடோ. ஒரு கணக்குப் பேரு, அதுக்குப் பின்னாடி ஒரு 'தாங்கள்'. அவ்ளோதான்.

கூட்டாளிதான் ஒடைஞ்சு போயிட்டான். "உட்றா மச்சான். அவங்ககிட்ட தாளு இருக்கு, நம்மகிட்ட வாய்தான் இருக்கு. மாமியார் வூட்டுல ஒரு பழமொழி சொல்லிக் காட்டறதுக்கு முன்னாடி நான் எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்கு போயிடறேன்."

எனக்கு அப்பத்தான் நெஜமாவே கோவம் வந்துச்சு. மருமகன் மேல இருந்த கோவம் பழசு. இது புதுசு. ரத்தமும் சதையுமா, மீன் வாசனையோட, காசு குடுத்து ஒக்காந்து சொன்னவங்கள பொம்மைங்கறான். எவனோ ஒருத்தன் ஒக்காந்து எழுதுன 'ஒரு விபத்து கூட நிகழாத' மட்டும் ஜம்முனு நிக்குது. நேரா அக்காகிட்ட போனேன்.

"அக்கா, தடை பண்ணா எதுவுமே எழுத முடியாதா?"

"உன் சொந்தப் பேச்சுப் பக்கத்துல மட்டும் எழுதலாம். நாயம் கேக்கறதுக்கு."

"அது போதும். அந்தக் கொடை வள்ளல யாரு எழுதினதுன்னு பாக்க வழி இருக்கா?"

'வரலாறு'ன்னு ஒரு எடத்துல தட்டுச்சு. மொதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கு எழுதுன மத்த பக்கமெல்லாம் பாத்தா, ஒண்ணும் இல்ல. பொறந்ததே ஐஸ் கம்பெனிக்காகத்தான். விபத்து இல்லாத வரிக்குப் பக்கத்துல பொடியா ஒரு நம்பரு இருந்துச்சு. அதான் சான்றாம். தட்டுனோம். கம்பெனியோட சொந்த வெப்சைட்டுக்குப் போச்சு. அங்கயும் அதே வரி, எழுத்துக்கு எழுத்து.

"இவனே பேசி இவனே தலையாட்டிக்கிறான்கா!"

அன்னிக்கு நான் யாரையும் களவாணின்னு எழுதல. இப்டி எழுதுனேன்:

"ஐயாவோ அம்மாவோ, யாரா இருந்தாலும் வணக்கம். வந்தவங்க யாரும் பொம்மை இல்ல. ஆளு வேற வேற, டைப் அடிச்ச வெரலு மட்டும் என்னுது. உங்க ரூலு எனக்குப் புரிஞ்சிடுச்சு. நான் அந்த கம்பெனியில வேலை செஞ்சவன். தொரத்துனாங்க. கண்ணு போனவன் என் கூட்டாளி. இப்ப எதிர் கம்பெனியில சம்பளம் வாங்கறேன். எனக்கு கோவம் இருக்கு. எல்லாத்தையும் மறைக்காம சொல்லிட்டேன். அதனால நான் எழுதல, சரி. இப்ப அதே கேள்விய அந்தப் பக்கமும் கேளுங்க. விபத்தே நடக்கலன்னு எழுதினவரு யாரு? கம்பெனி வெப்சைட்ட தவிர வேற சான்று எங்க? எனக்கு ஒரு ரூலு, ஷூ போட்டவனுக்கு ஒரு ரூலுன்னா, நீங்க கலைக்களஞ்சியம் இல்ல, மொதலாளி பக்கமே பேசற எங்க மேஸ்திரி."

அதுக்கப்பறம் தினம் வேலை முடிஞ்சு நெட் சென்டர்தான். ஒண்ணும் நடக்கல. கூட்டாளி நம்பிக்கையே இல்லாம கூட வருவான். விசாரணைக்கு நாளு நெருங்கிட்டு இருந்துச்சு. ஒரு சாயங்காலம் பக்கத்த தொறந்தா, அந்த வரி ஓரத்துல குட்டியா ரெண்டு வார்த்தை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு: சான்று தேவை.

"மச்சான், சின்ன எழுத்தா இருக்குடா"ன்னான் கூட்டாளி.

"சின்ன முள்ளுதான்டா தொண்டையில சிக்கும்"னேன்.

மறுநாள் அந்தக் கணக்கு வந்து முள்ள புடுங்கிப் போட்டுச்சு. 'தாங்கள்' வந்து மறுபடி மாட்டுனாரு. அவன் புடுங்கறான், இவரு மாட்டறாரு. நானும் அக்காவும் கிரிக்கெட் மேட்ச் மாதிரி பாத்துட்டு ஒக்காந்திருந்தோம். அப்பறம் 'தாங்கள்' அந்தக் கணக்கோட பேச்சுப் பக்கத்துல, என்கிட்ட கேட்ட அதே கேள்விய, ஒரு எழுத்து மாத்தாம, அவன்கிட்டயும் கேட்டாரு: "தாங்கள் இந்நிறுவனத்துடன் தொடர்புடையவரா?"

பதில் சூடா வந்துச்சு. "எங்கள் நிறுவனத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா? கேட்பதற்கு நீங்கள் யார்?"

"வொலா!"ன்னு கைதட்டுச்சு அக்கா. 'பாத்தியா'ன்னு அர்த்தமாம், அவங்கப்பா வழி சொத்து அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தை. 'எங்கள்'னு அவன் வாயாலயே வந்துடுச்சே. விபத்து இல்லாத வரி போச்சு. கொடை வள்ளலு போனாரு. நவீனச் சிற்பியும் போனாரு. முழுப் பக்கம் சுருங்கி மூணு வரியாச்சு.

அந்த சந்தோஷத்துல, "அப்ப எங்க அமோனியாவையும் போட்டுருங்க"ன்னு கேட்டேன்.

"வருந்துகிறோம். அதற்கும் வெளியான சான்று எதுவும் இல்லை."

"பேப்பர்காரன் போடாததுக்கு கண்ணு போனவன் இன்னா பண்ணுவான்?"

"தங்கள் ஆதங்கம் புரிகிறது. எனினும்..."

'எனினும்'ங்கற வார்த்தைய அன்னிலேருந்து எனக்குப் புடிக்காது. எவன் சொன்னாலும் அடுத்து ஒரு கதவு சாத்தப் போறான்னு அர்த்தம். அந்தப் பதில்லயே கீழ ஒண்ணு இருந்துச்சு: பல கணக்கு ஆரம்பிச்சதுக்கு வருத்தம் தெரிவிச்சு எழுதுனா தடைய எடுக்கறத பரிசீலிப்பாங்களாம். அக்காகிட்ட சொல்லி ரெண்டு தாளையும் பிரிண்டு எடுக்கச் சொன்னேன். மூணு வரிப் பக்கம் ஒண்ணு, 'எங்கள் நிறுவனம்' ஒண்ணு. வருத்தத்துக்கு பதில் எழுதல.

விசாரணை அன்னிக்கு நாங்க ஒரு கூட்டமா போனோம். மருமகன் ஷூவோட வந்திருந்தாரு. வக்கீலு பழைய தாள வெச்சு ஆரம்பிச்சாரு. கூட்டாளி புதுசு ரெண்டையும் நீட்டுனான்.

ஆபீஸரு மாத்தி மாத்திப் பாத்தாரு. "ரெண்டும் ஒரே பக்கமா?"

"ஆமா சார்."

"போன தடவை இருந்த வரி எங்க?"

"விஷமிங்க யாரோ அழிச்சிருக்காங்க சார்"ன்னாரு வக்கீலு.

"சார், அந்த வரிய எழுதினது யாருன்னு ரெண்டாவது தாள்ல இருக்கு"ன்னான் கூட்டாளி.

ஆபீஸரு சத்தமா படிச்சாரு. "எங்கள் நிறுவனத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா..." படிச்சுட்டு மருமகன நிமிந்து பாத்தாரு. "பொதுக் கலைக்களஞ்சியம், நாங்க எழுதலன்னீங்களே?" மருமகன் தலையக் குனிஞ்சாரு.

நான் கதவாண்ட நின்னுட்டு இருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "சார், ஷூவுல சான்று ஒட்டியிருக்கான்னு தேடறாரு."

"யாருய்யா அது? வெளிய போ!"

போனேன். அந்த ஆபீஸ் வாசல்லயும் ஒரு வேப்பமரம் இருந்துச்சு. எனக்குன்னே நட்டு வெச்சிருக்காங்க போல, நான் போற எடமெல்லாம். ஜன்னல் தொறந்திருந்ததால எல்லாம் கேட்டுச்சு.

ஆபீஸரு சொன்னாரு: "இந்தத் தாளு எல்லாத்தையும் ஓரமா வெக்கிறேன். அன்னிக்கு அங்க யாரு யாரு நின்னது?"

சத்தியமா சொல்றேன், ஏலக்காரரு கொரலு மாதிரியே இருந்துச்சு.

"நான் நின்னேன்." மீன்காரம்மா.

"நானும்தான்." போட் டிரைவரு. அவரு இவ்ளோ சத்தமா பேசி நான் கேட்டதில்ல.

"சார், இவங்க எல்லாம் இவனுக்கு வேண்டியவங்க"ன்னு வக்கீலு குறுக்க வந்தாரு.

"ஏம்மா, இவரு உங்களுக்கு சொந்தமா?"

"சொந்தமா? இவனா? மீனு வாங்க வந்தான்னா செவுள தொறந்து பாத்து பத்து நொட்டை சொல்லுவான் சார். இவன எனக்கு ஆகவே ஆகாது. ஆனா நின்னேன். பாத்தேன். என் சங்கரா..."

"சங்கரா அப்பறம். பொகைய சொல்லுங்க."

சொல்லுச்சு. அது சொல்ல, ஒருத்தரு டைப் அடிச்சாரு, கடைசியில அந்தம்மா கைரேகை வெச்சுச்சு. பொம்மைக்கு ஏது ரேகை?

வேலை செய்யற எடத்துலதான் கண்ணு போச்சுன்னு பின்னாடி உத்தரவு வந்துச்சு. கம்பெனி இழுத்தடிச்சு இழுத்தடிச்சு குடுத்துச்சு. கூட்டாளி தனியா வாடகை வூடு பாத்துட்டுப் போயிட்டான். மொத ஞாயித்துக்கெழமை எனக்கு மீன் கொழம்பு போட்டான். மீனு அதே அம்மாகிட்ட வாங்கினதுதான். நொட்டை சொல்லிட்டுத்தான் வாங்கினானாம்.

சாப்புட்டுக்கிட்டே கேட்டான்: "அந்தத் தடையத்தான் எழுதிக் குடுத்து எடுத்துத் தொலையேன்டா. இப்பத்தான் எல்லாம் முடிஞ்சுதே."

"எதுக்கு வருத்தப்படணும்? நாலு பேரு நெஜமா இருந்ததுக்கா?"

"அந்த ஆளு ஒண்ணும் கெட்டவன் இல்லடா. அவரு கேட்ட கேள்வியாலதானே நம்ம கேசு நின்னுச்சு."

"கெட்டவன்னு நானும் சொல்லல. நல்ல ரூலுதான். மருமகனுக்கும் எனக்கும் ஒரே கேள்விய கேட்டாரு, அதுக்கு ஒரு கும்புடு. ஆனா அந்தம்மாவ பொம்மைன்னுட்டாரு. அவரு அதுகிட்ட ஒரு வார்த்தை வருத்தம் சொல்லட்டும், அப்பறம் நான் சொல்றேன்."

"அவரு எப்டிடா தேங்காய்த்திட்டுக்கு வருவாரு?"

"அதுக்கு நானா பொறுப்பு? காலையில ஏலத்துக்கு வரட்டும். அந்தம்மா தினம் அங்கதான் ஒக்காந்திருக்கு."

இன்னும் யாரும் வரல. அந்தப் பக்கத்துல இன்னும் மூணு வரிதான் இருக்கு. புதுச்சேரியில இருக்கற ஐஸ் கம்பெனி, மீன்பிடி படகுங்களுக்கு ஐஸ் குடுக்குது, அவ்ளோதான். அதுல ஒரு பொய்யும் இல்ல, எங்க கூட்டாளியோட கண்ணும் இல்ல. அதனால அங்க இல்லாதத நான் இங்க எழுதிட்டேன். சான்று கேக்கறவங்க ஏலத்துக்கு வாங்க, நின்னவங்கள காட்டறேன். நலமுரண் இருக்கான்னு கேட்டீங்கன்னா, இருக்கு, நெறைய இருக்கு. நான் எப்ப இல்லன்னேன்?